மேடையில் எடுப்பாகத் தெரிவது துணியா, அந்தப் பெண்ணா?

கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிவிடுகிறேன். ஃபேஷன் ஷோ வீடியோக்கள் நிறையப் பார்க்கிறீர்கள். ஒரே கவுனைப் பார்த்து ஒருவர் "உடம்புக்கு எடுப்பான கட்" என்கிறார், இன்னொருவர் "இடுப்பையே கெடுத்துவிட்டது" என்கிறார். அவ்வளவு உயரமாக, அவ்வளவு ஒல்லியாக இருக்கிற பெண்ணுக்குச் சாக்குப் பையை மாட்டிவிட்டாலும் நன்றாகத்தானே இருக்கும், பிறகு எதை வைத்து இவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பது முதல் கேள்வி. அப்படி ஒரு ஷோவில் பார்த்த, ஒரு பக்கத் தோள் மட்டும் உள்ள சாட்டின் கவுனை அக்காவின் ரிசப்ஷனுக்கு மதுரையில் தைக்கக் கொடுக்கலாமா, அக்கா ஐந்தடி ஒரு அங்குலம், கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு என்பது இரண்டாவது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. மேடையில் கண்ணைப் பறித்தது துணி செய்த வேலையா, அந்தப் பெண்ணின் உடம்பு செய்த வேலையா, அதைப் பிரித்துப் பார்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும், முழுதாக இல்லை, முக்கால்வாசி.

நான் சென்னையில் பேட்டர்ன் மேக்கிங் படித்துவிட்டு, திருப்பூரில் எக்ஸ்போர்ட் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தேன். இப்போது பல வருடமாக மதுரையில் கல்யாண பிளவுஸ், கவுன்தான் வேலை. பாரிஸ் ஷோ எதையும் நேரில் உட்கார்ந்து பார்த்தவள் இல்லை, உங்களைப் போல வீடியோவும் படமும்தான். ஆண்களின் கோட்டு சூட்டு என் கை இல்லை. அதனால் பெண்கள் உடையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் மேடை எதையெல்லாம் மறைக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெரிய ஷோக்களில் நடக்கும் பெண்கள் பெரும்பாலும் 5 அடி 9 அங்குலத்திலிருந்து 5 அடி 11 வரை, அதற்கு மேல் ஹீல்ஸ். ஏன் எல்லாரும் ஒரே வார்ப்பாக இருக்கிறார்கள் என்றால், உடையை முதலில் ஒரே சாம்பிள் சைஸில் தைத்து முடித்துவிட்டு, பிறகுதான் அதற்குள் நுழையக்கூடிய பெண்ணைத் தேடுகிறார்கள். இது எந்த அளவுக்குப் போனதென்றால் 2006இல் மாட்ரிட் ஃபேஷன் வீக், உடல் நிறைக் குறியீடு 18க்குக் கீழே உள்ள பெண்களை மேடை ஏற்றமாட்டோம் என்று தடை போட்டது. 2017இல் எல்விஎம்எச், கெரிங் என்ற இரண்டு பெரிய ஃபிரெஞ்சு நிறுவனங்களும் தங்கள் பிராண்டுகளில் பெண்களுக்கான ஃபிரெஞ்சு சைஸ் 32 என்ற மிகச் சிறிய அளவு மாடல்களை எடுக்கக் கூடாது என்று எழுதியே வைத்தன. அப்புறம், ஷோவுக்கு முன்னால் அந்த உடையை அந்தப் பெண் மேலேயே வைத்துப் பிடித்து, பின் குத்தி, டேப் ஒட்டி, அவளுக்கென்றே சரிசெய்துவிடுவார்கள். அவள் நேராக நடந்து வருவாள், கையைத் தூக்க மாட்டாள், உட்கார மாட்டாள், குனிய மாட்டாள். கேமராக்காரர்கள் மேடையின் கடைசியில் கூட்டமாக நின்று தூரத்திலிருந்து ஜூம் லென்ஸில் எடுப்பார்கள். அப்படி எடுத்தால் முன்பின் ஆழம் சப்பையாகிவிடும், வயிறு எவ்வளவு முன்னால் தள்ளுகிறது, பின்பக்கம் எப்படித் தொங்குகிறது என்பதெல்லாம் தெரியாது. நமக்கு வந்து சேரும் அந்த முன்பக்கப் படம் இருக்கிறதே, ஒரு உடையைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் படம் அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மேடை உடைகளில் பாதி, தூரத்திலிருந்து பார்க்கவே செய்யப்படுகிறது. நம்ம ஊரில் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுகிறவர்கள், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடையைப் புதுமண்டபத்துத் தையல்காரர்கள் தைத்துத் தருவார்களே (இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன), அந்தச் சிவப்பும் மஞ்சளும் சரிகையும் வைகை ஆற்றுக்குள் லட்சம் பேர் நடுவே அந்த ஆளைத் தனியாகக் காட்டுவதற்காகச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனால் எடுப்பாக இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ராம்ப்பில் மட்டும் அதைக் கேட்கிறோம். ஒரு ஷோவில் வருகிற உடைகளில் சில ஷோவுக்கு மட்டும், சில கடைக்கு. கடைக்கு வருகிறதைப் பற்றி மட்டும்தான் எடுப்பா இல்லையா என்று பேசுவது நியாயம்.

சரி, நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். போனில் பார்க்கும்போது கட்டைவிரலால் மாடலின் முகத்தை மறைத்துவிடுங்கள். கேலி இல்லை, முகம் போனவுடன் பாதி மயக்கம் போய்விடும். பிறகு வீடியோவை ஒரு கால் முன்னால் வந்திருக்கும் நொடியிலும், அவள் திரும்பும் நொடியிலும் நிறுத்துங்கள். தையல்காரர்கள் பார்ப்பது சுருக்கத்தை. நிற்கும்போதே மார்பு நுனியிலிருந்து கைக்குழியை நோக்கிச் சாய்வாக ஒரு இழுப்பு ஓடினால் டாட், அதாவது மார்புக்கு இடம் கொடுக்கத் துணியைப் பிடித்துத் தைக்கிற மடிப்பு, போதவில்லை. தொடைக்குக் குறுக்கே கோடு கோடாக விழுந்தால் அங்கே துணி பற்றவில்லை. பின்கழுத்துக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு உட்கார்ந்திருந்தால் ஒன்று பின்பக்க நீளம் அதிகம், இல்லை அந்தப் பெண்ணின் தோள் சரிவும் உடையின் தோள் சரிவும் ஒத்துப்போகவில்லை. கீழ் ஓரம் பின்பக்கம் தரையைத் தொட்டு முன்பக்கம் தூக்கி நின்றால், டிசைனாக அப்படி வைக்கவில்லை என்றால், முன்பக்க நீளத்தை மார்போ வயிறோ தின்றுவிட்டது. இதெல்லாம் அபிப்பிராயம் இல்லை. பாரிஸ் ஆனாலும் மேலமாசி வீதி ஆனாலும் துணி இழுபடுகிற விதம் ஒன்றுதான். பெரிய பெயருள்ள ஷோக்களிலும் இந்தக் குறை வரும், முந்தின நாள் ராத்திரி வரை தைத்துக்கொண்டிருந்தால் வராமல் என்ன செய்யும்.

கைக்குழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கே எல்லாரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிற விஷயம் அது. கையைத் தூக்கினால் பிளவுஸ் மேலே ஏறுகிறது என்று வருகிறவர்கள் எல்லாரும், கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டுங்கள் என்றுதான் சொல்வார்கள். இறக்க இறக்க இன்னும் ஏறும். குழி அக்குளுக்குப் பக்கத்திலேயே இருந்தால் கை தனியாக அசையும், உடம்புப் பகுதி அப்படியே நிற்கும். குழி கீழே போனால் கையோடு மொத்த உடையும் கிளம்பிவிடும், பக்கவாட்டில் வேறு தேவையில்லாமல் அகலம் காட்டும். மாடல் இடுப்பில் கை வைக்கும்போதோ பாக்கெட்டில் கை விடும்போதோ உடையின் பக்கத் தையல் எவ்வளவு நகர்கிறது என்று கவனியுங்கள். நகரவில்லை என்றால் அதை வெட்டியவர் கைகாரர். அப்படி வெட்டிய உடை குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் அவரவர் அளவில் வெட்டினால் எடுப்பாகத்தான் இருக்கும்.

அடுத்தது கோடுகள். உடையில் ஏதோ ஒன்று முடிகிற இடத்தில் கண் போய் நிற்கும். கை முடிகிற இடம், பார்டர், பெல்ட், பாவாடை ஓரம் எல்லாமே அப்படித்தான். பிளவுஸ் கை மார்பின் அகலமான இடத்துக்கு நேராக முடிந்தால், இரண்டு கையும் மார்பும் சேர்ந்து ஒரே குறுக்குக் கோடாகத் தெரியும். அதே கையை இரண்டு இஞ்ச் இறக்கினாலோ ஏற்றினாலோ ஆளே மாறிவிடுவார். பாவாடை கெண்டைக்காலின் பருத்த இடத்தில் முடிந்தால் கால் குட்டையாகத் தெரியும். 5 அடி 10 அங்குலப் பெண்ணிடம் இந்தத் தவறுகள் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும், குறைப்பதற்கு அவளிடம் நீளம் மிச்சம் இருக்கிறது. டிசைனைச் சின்னதாக்கும்போது எல்லாம் சேர்ந்து சின்னதாவதில்லை என்பது இன்னொரு சிக்கல். 6 இஞ்ச் ஃபிரில் அவளுக்குச் சின்ன அலங்காரம், உங்கள் அக்காவுக்கு அது உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. பூ டிசைனும் பட்டனும் அப்படியேதான் இருக்கும், உடம்பு மட்டும் மாறியிருக்கும். மேலும் கீழும் பாதிக்குப் பாதியாகப் பிரியாமல் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பிரிந்தால் நன்றாயிருக்கும் என்பார்கள். பெரும்பாலும் சரியாக வருகிறது, ஆனால் இதைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன்.

குறுக்குக் கோடு போட்ட துணி குண்டாகக் காட்டும் என்பதை எங்கள் தொழிலிலேயே பலர் வேதவாக்காகச் சொல்வார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நேர்மாறாக ஒன்றைக் கவனித்தார். ஒரே அளவு சதுரம் இரண்டில், குறுக்குக் கோடுகளால் நிரப்பியது உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிந்தது. 2011இல் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தில் தாம்ப்சன், மிக்கெல்லிடு என்ற இருவர் பெண்ணுருவப் படங்களை வைத்தே பார்த்தார்கள். குறுக்குக் கோடு அகலமாகக் காட்டவில்லை என்றுதான் வந்தது. ஆனால் அது படம். நிஜத்தில் துணி உடம்பின் மேல் வளைகிறது, வயிற்றின் மேல் போகும்போது நேர்க்கோடு வில்லாகிவிடுகிறது, அந்த வளைவைக் கண் பிடித்துவிடும். அதனால் என் வாடிக்கையாளர்களிடம் கோட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கோடு நேராக நிற்கிற அளவுக்குத் துணியில் திடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்பேன். கஞ்சி போட்ட சுங்குடிச் சேலை இடுப்பில் விறைத்து நிற்கும், அதே ஆள் ஜார்ஜெட் கட்டினால் ஒட்டிக்கொள்ளும். டிசைனைவிடத் துணியின் குணம்தான் பல நேரம் தீர்ப்பு எழுதுகிறது, விமர்சகர்கள் இதைப் போதுமான அளவு பேசுவதில்லை.

இனி, வேண்டுமென்றே எடுப்பாக இல்லாமல் செய்வது. இங்கேதான் ஷோ பார்க்கிறவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். அதற்கு முன் எடுப்பாகவே செய்த ஒருவரைப் பார்த்துவிடுவோம். 1947 பிப்ரவரி 12ஆம் தேதி கிறிஸ்டியன் டியோர் என்ற ஃபிரெஞ்சு டிசைனர் பாரிஸில் தன் முதல் கலெக்‌ஷனைக் காட்டினார். ஒடுங்கிய இடுப்பு, விரிந்த பாவாடை, போரின் ரேஷன் காலத்துக்குப் பிறகு அவ்வளவு துணியா என்று சண்டையே வந்தது. அந்த இடுப்பு அதைப் போட்டிருந்த பெண்ணுடையது மட்டும் இல்லை. ஜாக்கெட்டின் இடுப்புக்குக் கீழே பஞ்சு வைத்துப் புடைக்கவிட்டு, உள்ளே இறுக்கிப் பிடித்து, உடையே ஒரு உடம்பைச் செய்துவைத்தது. அதனால்தான் அந்த உருவம் பல விதமான பெண்களுக்கும் போனது. அதற்கு எதிர்ப்பக்கம் அதே காலத்து ஸ்பானிய டிசைனர் பலென்சியாகா. 1957இல் இடுப்பே இல்லாத சாக்கு உடையைக் காட்டினார், நீங்கள் கிண்டலாகச் சொன்ன அதே சாக்குதான். பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் முன்பக்கம் லேசாக உடம்பைத் தொட்டு, பின்பக்கம் விலகி நிற்கும் அவருடைய சூட்டுகளை வயதான, பருத்த வாடிக்கையாளர்கள் விரும்பி வாங்கினார்கள். இடுப்பை இறுக்கிக் காட்டுவது ஒன்றுதான் எடுப்பு என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு பேர் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜப்பானிய டிசைனர் ரே கவாகுபோ இன்னும் தூரம் போனார். 1996 அக்டோபரில் பாரிஸில் தன் பிராண்டான காம் டி கார்சோனுக்காகக் காட்டிய கலெக்‌ஷனில் முதுகிலும் இடுப்பிலும் வயிற்றிலும் பஞ்சுத் திண்டுகளை வைத்து, இழுபடுகிற கட்டம் போட்ட துணியால் மூடிவிட்டார். மாடல்கள் கூன் விழுந்தவர்கள்போல நடந்தார்கள். இதைப் பார்த்து "எடுப்பாக இல்லை" என்பது உண்மைதான், ஆனால் அவர் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. நான் பார்த்தது, நடக்கும்போது அந்தத் திண்டுகள் நகர்கின்றனவா, துணி அவற்றின் மேல் சுருங்குகிறதா என்பதை. நகரவில்லை. அடுத்த வருடம் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழு அதே யோசனையில் செய்த உடைகளைப் போட்டுக்கொண்டு மேடையில் ஆடியது, தைத்த விதம் அவ்வளவு உறுதி. பிரிட்டிஷ் டிசைனர் அலெக்ஸாண்டர் மெக்வீன் 1990களில் செய்த, பின்பக்கம் மிகக் கீழே இறங்கிய பேண்டும் இப்படித்தான். உடம்பை நீட்டி காலைக் குட்டையாக்கும், பாடப் புத்தகத்தின்படி தவறு. அவர் கோட்டு சூட்டுத் தையலுக்குப் பேர்போன லண்டன் சாவில் ரோ தெருவில் தையல் கடையில் வேலை பழகியவர், எந்த விதியை உடைக்கிறோம் என்று தெரிந்து உடைத்தார். அதைப் பார்த்துப் பிறகு வந்த லோ வெயிஸ்ட் ஜீன்ஸ் பலவற்றில் அந்த அறிவு இல்லை, அது உங்களுக்கே தெரியும்.

இதுவரை சொன்னதில் சுருக்கம், இழுப்பு, கைக்குழி, துணியின் குணம் இவற்றை நான் அடித்துச் சொல்வேன். கோடும் அளவும் பெரும்பாலும் அப்படி. நிறத்துக்கு வந்தால் என் குரல் இறங்கிவிடும். கடைக்காரர் சேலையைத் தோளில் போட்டுவிட்டு "உங்க நிறத்துக்கு இது எடுக்காதுங்க" என்பாரே, அதில் பாதி கண், பாதி நம் ஊரில் கறுப்பைப் பற்றி இருக்கிற பழைய வியாதி. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அடர்த்தியான நிறங்கள் ஆகாது என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் நான் பார்த்ததில்லை, பளிச்சென்ற மஞ்சளும் மயில் நீலமும் கறுப்பு நிறத்தில் நிற்கிற மாதிரி வேறெதிலும் நிற்காது. பேரிக்காய் உடம்பு, ஆப்பிள் உடம்பு என்று இணையத்தில் சுற்றுகிற அட்டவணைகளையும் நான் பெரிதாக நம்புவதில்லை. மார்புச் சுற்று 36 என்று இரண்டு பேர் வருவார்கள், ஒருவருக்கு முதுகு அகலம், இன்னொருவருக்கு முன்பக்கம் நிறைவு. டேப்பில் ஒரே எண், ஒரே பிளவுஸ் இருவருக்கும் சேராது.

அக்காவின் கவுனுக்கு வருகிறேன். படத்தைப் பார்த்தவரை அது கிராஸ் கட், அதாவது துணியைச் சாய்வாக வைத்து வெட்டியது. 1920களில் மேடலின் வியோனே என்ற ஃபிரெஞ்சு டிசைனர் பெரிய அளவில் கொண்டுவந்த முறை. சாய்வில் வெட்டிய துணி இழுபடும், உடம்பின் ஒவ்வொரு வளைவையும் தேடிப்போய் உட்காரும். மாடலிடம் உட்காருவதற்கு எலும்பு மட்டும் இருந்தது. சாட்டின் வேறு, மினுமினுப்பு மேடான இடத்தில் எல்லாம் வெளிச்சத்தைப் பிடிக்கும். நம் மண்டபங்களில் வீடியோக்காரர் லைட்டை நேர் முகத்துக்கு முன்னால்தான் பிடிப்பார். அதில் பாவாடை நாடா முடிச்சுகூடத் தெரியும். அதனால் அப்படியே காப்பி அடிக்கக் கூடாது, ஆனால் கைவிடவும் வேண்டாம். அந்தக் கவுனில் உண்மையிலேயே எடுப்பான விஷயம் ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குச் சாய்வாக இறங்கும் கோடு. சேலை முந்தானை எத்தனையோ விதமான உடம்புக்குச் சேர்வதற்கும் அந்தச் சாய்வு ஒரு காரணம். அதை வைத்துக்கொள்ளுங்கள். மினுமினுப்பை விட்டுவிடுங்கள். க்ரேப் பேக் சாட்டின் கிடைத்தால் அதன் மங்கிய பக்கத்தை வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் தைப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எலாஸ்டிக் வைத்துவிடலாம் என்றால் வேறு இடம் பாருங்கள். நேர் இழையில் வெட்டிய ஒரு உள் பாடி, கப், போன் (விறைப்புக்காக உள்ளே வைத்துத் தைக்கிற பட்டை), இடுப்பில் உள்பக்கமாகக் கொக்கி போடுகிற ஒரு நாடா பெல்ட், இவ்வளவும் வேண்டும். கவுனின் எடையை அந்த நாடாதான் தாங்கும், தோள் இல்லை. அதற்கு மேல் வெளித் துணி சும்மா போர்த்திக்கொண்டு வரும். 44 இஞ்ச் அகலத் துணியில் சாய்வாக வெட்டினால் ஒட்டு வரும், எங்கே வருகிறது என்று வெட்டுவதற்கு முன்பே காட்டச் சொல்லுங்கள். கீழ் ஓரம் மடிப்பதற்கு முன் குறைந்தது ஒரு ராத்திரி தொங்கவிட வேண்டும், சாய்வுத் துணி தொங்கத் தொங்க இறங்கும். அப்புறம் மாலை. ரிசப்ஷனில் பாதிப் படம் மாலையோடுதான், ரோஜா மாலையின் ஈரம் சாட்டினில் கறையாக நிற்கும், அவ்வளவு செலவு செய்த கழுத்து டிசைனும் தெரியாது. மாலை எவ்வளவு நேரம் கழுத்தில் இருக்கும் என்று வீட்டில் பேசிவிட்டு டிசைனை முடிவு செய்யுங்கள்.

நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் கூலி கேட்டாலும் கொடுங்கள். அன்றைக்குப் போடப்போகிற செருப்பு, அன்றைக்குப் போடப்போகிற உள்ளாடையோடு அக்கா அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, மாலை போடுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிப் பார்க்கட்டும், நீங்கள் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுங்கள். சரிசெய்கிறதை எல்லாம் அந்தக் காடாவிலேயே செய்துவிட வேண்டும், ஏனென்றால் சாட்டினில் பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். பக்கத் தையலில் ஒன்றரை இஞ்ச் துணி விடச் சொல்ல மறக்காதீர்கள், கல்யாணப் பெண்கள் கடைசி மாதத்தில் இளைக்கவும் செய்வார்கள், விருந்து சாப்பிட்டு ஒரு சுற்று பெருக்கவும் செய்வார்கள். வைகாசி, ஆவணி முகூர்த்தம் என்றால் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள், அந்த நேரத்தில் மதுரையில் நல்ல கட்டிங் மாஸ்டர் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.